ஒரு பிறப்புப் பதிவின் வரலாறு

1961-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் நாள், ஹவாய்த் தீவுகளின் தலைநகராகிய ஹொனலூலுவில் வெளிவந்த பத்திரிகை ஒன்றில், ஊரில் அண்மையில் நிகழ்ந்த பிறப்புக்களின் பட்டியல் வழக்கம்போல் அச்சாகியிருந்தது. அதில் ஒரு வரி, பராக் எச். ஒபாமா தம்பதியருக்கு ஆகஸ்டு 4-ஆம் நாள் ஆண் மகவு பிறந்தது என்று கூறிற்று. மறுநாள் அவ்வூரின் மற்றொரு பத்திரிகையும் அச்செய்தியை வெளியிட்டது. குழந்தையின் பெயர்கூட அதில் இல்லை. உற்றார் அண்டை அயலாரைத் தவிர வேறெவரும் அதை ஊன்றிப் படித்திருக்கமாட்டார்கள். ஆயினும் 47 ஆண்டுகள் கழித்து, அந்த ஒரு வரியைத் தேடி நூல்நிலையங்களின் பழைய பத்திரிகைச் சுருள்களைப் பலர் உருட்டிப் பார்த்தார்கள். அக்குழந்தை வளர்ந்து 2008-இல் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டதும், அவர் உண்மையில் அமெரிக்காவில்தான் பிறந்தாரா என்று ஒரு சாரார் ஐயம் கிளப்பியதுமே அதற்குக் காரணம்.

இந்த வழக்காடல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நீடித்தது. அதன் அரசியலை அந்நாட்டார் பார்த்துக்கொள்வார்கள். நமக்கு இதில் அக்கறை உண்டாவது வேறொரு காரணத்தால். பிறப்புச் சான்றிதழ் என்பது எது? நம் கையில் இருக்கும் காகிதமா, அல்லது அக்காகிதம் எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அந்தப் பதிவேடா? பிறந்த ஊர் ஒன்று, பிழைக்கும் ஊர் வேறொன்று என்று வாழும் நம் போன்றோர், பள்ளிக்கூட வாயிலிலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் இக்கேள்வியை எதிர்கொண்டவர்களே.

முதலில், பிறந்த இடம் ஏன் அத்தனை முக்கியமாயிற்று என்பதைப் பார்ப்போம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது பகுதி, ஜனாதிபதியாக வருபவர்க்கு 35 வயது நிரம்பியிருக்கவேண்டும், 14 ஆண்டுகள் நாட்டில் வசித்திருக்கவேண்டும் என்று கூறுவதோடு, அவர் பிறப்பாலேயே குடிமகனாக இருத்தல்வேண்டும் என்றும் விதிக்கிறது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நாம், மேற்படி சொற்றொடரைத் தமிழாக்குவதில் சிறிது இடர்ப்பட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஏனெனில் அச்சட்டமே அதற்குப் பொருள் விளக்கம் தரவில்லை. நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 58-ஆவது பிரிவு இத்தொல்லையை வைக்கவில்லை. குடியரசுத் தலைவர் இந்தியக் குடிமகனாகவும், 35 வயது நிரம்பியவராகவும், மக்கள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியுள்ளவராகவும் இருத்தல்வேண்டும் என்கிறதே தவிர, எங்கே பிறந்தார் என்று கேட்கவில்லை.

அமெரிக்க மண்ணில் பிறந்து அந்நாட்டுச் சட்டத்தின் ஆட்சிக்கு உட்பட்ட எவரும் குடிமக்களே என்று 1868-இல் நிறைவேறிய 14-ஆவது திருத்தம் கூறுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோர்க்குப் பிறந்த ஒருவரின் வழக்கில், 1898-இல் அந்நாட்டுத் தலைமை நீதிமன்றம் அத்திருத்தத்தின் பொருளை உறுதி செய்தது. ஹவாய் 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் ஐம்பதாவது மாநிலமாயிற்று. ஆகவே 1961-இல் ஹொனலூலுவில் பிறந்தவர் குடிமகன் என்பதில் வாதத்துக்கு இடமேயில்லை. ஆனால் அவர் கென்யாவில் பிறந்திருந்தால்? தாய் அமெரிக்கக் குடிமகள்தானே, பின் என்ன என்று தோன்றலாம். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் மட்டுமே குடிமகனாக இருந்து, குழந்தை அயல்நாட்டில் பிறந்தால், அப்பெற்றோர் முன்னதாகப் பத்து ஆண்டுகள் அமெரிக்காவில் வசித்திருக்கவேண்டும், அவற்றுள் ஐந்து ஆண்டுகளேனும் 14 வயதுக்குப் பின் கழிந்திருக்கவேண்டும் என்பது அப்போதிருந்த சட்டம். ஒபாமாவின் தாய்க்கு அப்போது வயது 18. பதினான்கோடு ஐந்தைக் கூட்டினால் பத்தொன்பது! ஆகவே ஐயம் கிளப்பியோர் வீண்வம்பு பேசினார்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவர்கள் கூறியது மெய்யாயிருந்தால் அதன் விளைவு பெரிதாகவே இருந்திருக்கும். அது மெய்யா என்பதே கேள்வி.

இத்தகைய கேள்வி அந்நாட்டிற்குப் புதிதும் அன்று. 1881 முதல் 1885 வரை ஜனாதிபதியாக இருந்த செஸ்டர் ஆர்தர், வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை அயர்லாந்திலிருந்து குடியேறியவர். மகனும் அயர்லாந்தில் பிறந்தவர்தாம் என்றும், அது பொருந்தாதபோது, எல்லைக்கப்பால் கனடாவில் பிறந்தவர் என்றும் எதிர்க்கட்சியார் சிலர் கூறிவந்தார்கள். 2008-இல் ஒபாமாவை எதிர்த்து நின்ற ஜான் மக்கேன், 1936-இல் பனாமாக் கால்வாய்ப் பிரதேசத்தில் பிறந்தவர். அவருக்குத் தகுதி உண்டு என்று அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் செனட் சபையே ஒரு தீர்மானம் இயற்றிற்று. அவர் விஷயம் ஒரு தீர்மானத்தோடு முடிந்தது.

ஹவாயில் ஒரு பிறப்பு எவ்வாறு பதிவாகிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் அதற்குரிய படிவம் நிரப்பப்படும். பெற்றோரில் ஒருவரும் மருத்துவரும் அதில் கையெழுத்திடுவார்கள். உள்ளூர்ப் பதிவாளர் அதை ஏற்றுத் தேதியிட்டு எண் கொடுப்பார். பின்னர் அப்படிவம் சுகாதார இலாகாவின் காப்பறையில் கட்டடம் செய்யப்பட்ட தொகுதிகளில் சேரும். அந்த இலாகாவே பிறப்புக்களின் பட்டியலைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவந்தது. முதலில் சொன்னோமே, அந்தப் பத்திரிகை வரி, அது பெற்றோர் காசு கொடுத்துப் போட்ட விளம்பரமன்று, இலாகாவின் பட்டியலிலிருந்து வந்தது. காலப்போக்கில் ஹவாய் அரசாங்கம் தன் பதிவேடுகளிலுள்ள விவரங்களைக் கணிப்பொறியில் ஏற்றிக்கொண்டது. 2001-க்குப் பின் யார் விண்ணப்பித்தாலும், கணிப்பொறியிலிருந்து எடுத்த சுருக்கச் சான்றிதழ் ஒன்றே முத்திரையிட்டுக் கொடுக்கப்பட்டது. பாஸ்போர்ட்டுக்கும் உத்தியோகத்துக்கும் அதுவே போதுமானது.

2008-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒபாமாவின் பிரசாரக் குழுவினர் வெளியிட்டது அந்தச் சுருக்கச் சான்றிதழின் படத்தைத்தான். வினை அங்கேதான் தொடங்கிற்று. படத்தில் முத்திரை தெரியவில்லை என்றார்கள் சிலர். அழுத்து முத்திரை படத்தில் எளிதில் விழாது என்பது எந்தக் குமாஸ்தாவும் அறிந்த செய்தி. பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த ஒரு செய்தி ஆய்வுக் குழுவினர் அதே ஆகஸ்டு மாதம் சிக்காகோவுக்குச் சென்று, அக்காகிதத்தைக் கையிலேயே வாங்கிப் பார்த்தார்கள். முத்திரை மேடிட்டிருந்தது, பின்புறத்தில் பதிவாளரின் கையெழுத்து முத்திரையும் இருந்தது. பிறகு, இது சுருக்கமல்லவா, மூலம் எங்கே என்றார்கள். மூலத்தைக் கண்டவர்களிடம் வாங்கிக் கொடுக்க ஹவாய்ச் சட்டம் இடந்தரவில்லை. நேரடித் தொடர்புடையவர்க்கன்றிப் பிறர்க்குப் பிறப்புப் பதிவைக் காட்டலாகாது என்பது அங்குள்ள விதி. ஆகவே இலாகாவின் தலைவியாகிய டாக்டர் சியோமி ஃபுகினோ, மூலப் பதிவேட்டைத் தாமே கண்ணாற் கண்டு சரிபார்த்ததாக 2008 அக்டோபர் இறுதியில் அறிக்கை விடுத்தார். 2009 ஜூலையில் மீண்டும் ஒருமுறை கூறினார். அப்போது ஹவாயின் கவர்னராக இருந்தவர் லிண்டா லிங்கிள். அவர் ஒபாமாவின் எதிர்க்கட்சியாகிய குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். இருப்பினும் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் ஓயவில்லை. ஒரே நபர் ஒரே விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் விடையளிக்க வேண்டியதில்லை என்று 2010-இல் அம்மாநிலம் ஒரு சட்டமே இயற்ற நேர்ந்தது. இலாகா எழுத்தர்கள் பட்ட பாட்டை, சர்க்கார் அலுவலகத்தில் நாற்காலி தேய்த்த நம்மால் ஊகிக்க முடிகிறது.

இதற்கிடையில், 2009 ஆகஸ்டில், கென்ய அரசாங்கம் வழங்கியதென்று ஒரு சான்றிதழின் படம் உலாவிற்று. ஒபாமா மொம்பாசா நகர மருத்துவமனையில் பிறந்தாரென்று அது கூறியது. 1964 பிப்ரவரியில் வழங்கப்பட்டதாகத் தேதியிடப்பட்டிருந்த அதன் தலைப்பிலே கென்யக் குடியரசு என்று காணப்பட்டது. கென்யா சுதந்திரம் பெற்றது 1963 டிசம்பர் 12-இல். குடியரசானது சரியாக ஓராண்டு கழித்து, 1964 டிசம்பர் 12-இல். அதாவது, இன்னும் பிறவாத குடியரசு ஒன்று பிறப்புச் சான்றிதழ் வழங்கியிருக்கிறது! சில நாட்களில் அதன் அச்சு, தென் ஆஸ்திரேலியாவில் வழங்கப்பட்ட வேறொருவரின் பழைய சான்றிதழிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் வெளிப்பட்டது. போலியைச் செய்தவர்க்கு எழுத்தும் கோடும் கைவந்தன, சரித்திரம் கைவரவில்லை.

ஐயம் கொண்டவர் பக்கத்தில் ஆதாரமே இருந்ததில்லை என்றும் சொல்லலாகாது. ஒபாமா நூலாசிரியராக அறிமுகமாகும் காலத்தில், அவருடைய நூல் முகவர் நிலையம் 1991-இல் அச்சிட்ட சிறு வெளியீடொன்றில், அவர் கென்யாவில் பிறந்தவர் என்றே குறிக்கப்பட்டிருந்தது. 2012-இல் அது வெளிச்சத்துக்கு வந்தபோது, அதைத் தொகுத்தவர் அது தம்முடைய பிழையே என்று தெரிவித்தார். ஒருவர் தந்தையின் ஊரை மகனின் ஊராக எழுதிவிடுவது அத்தனை அரிய பிழையா? மும்பாயில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு வெளியீட்டில் விழுந்த பிழையையும், பிறந்த நான்காம் நாள் பதிவாளர் ஏற்ற படிவத்தையும் எதிரெதிரே வைத்தால், எதற்கு எடை அதிகம் என்பதே இங்கே கவனிக்கத் தக்கது.

2011-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொனால்டு டிரம்ப் இவ்விஷயத்தைக் கையிலெடுத்துத் தொலைக்காட்சிகளில் பேசலானார். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் ஒபாமாவே, ஹவாய் சுகாதார இலாகாவின் அப்போதைய தலைவியான லொரெட்டா ஃபட்டிக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதினார். நாட்டின் ஜனாதிபதி தம் பிறப்புப் பதிவின் நகல் கேட்டு எழுதிய கடிதம் அது! வழக்கத்துக்கு விலக்காக அதற்கு இசைவு தரப்பட்டது. அவருடைய வழக்கறிஞர் ஒருவர் தலைநகரிலிருந்து ஹொனலூலுவுக்கு விமானத்திலே சென்று, சான்றளிக்கப்பட்ட இரண்டு பிரதிகளை நேரில் பெற்றுத் திரும்பினார். ஏப்ரல் 27-ஆம் நாள் வெள்ளை மாளிகை அதை வெளியிட்டது.

அப்படிவத்தில் கண்டவை இவை: கபியோலானி மகப்பேற்று மருத்துவமனை, 1961 ஆகஸ்டு 4, மாலை 7 மணி 24 நிமிடம். தந்தை கென்யாவில் பிறந்த மாணவர். தாய் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் பிறந்தவர். தாய் ஆகஸ்டு 7-ஆம் நாளும், மருத்துவர் 8-ஆம் நாளும் ஒப்பமிட்டிருந்தனர். பதிவாளர் 8-ஆம் நாளே ஏற்றிருந்தார். சுருக்கச் சான்றிதழில் இருந்த எந்த விவரத்தோடும் இது மாறுபடவில்லை.

காலப் என்னும் கருத்துக்கணிப்பு நிறுவனம் இதற்குச் சில நாட்கள் முன்னர் எடுத்த கணக்கில், ஒபாமா வேறு நாட்டில் பிறந்திருக்கக்கூடும், அல்லது உறுதியாகப் பிறந்தவரே என்றவர்கள் 100-க்கு 24 பேர். மே மாதத்தில் அது 13 ஆகக் குறைந்தது. காகிதத்துக்கு அவ்வளவு வலிமை இருந்தது. ஆனால் அந்தப் பதின்மூன்று பேரையும் அது அசைக்கவில்லை.

அவர்கள் எழுப்பிய புதிய ஐயங்கள் ஒரு வகையில் சுவையானவை. தந்தையின் இனம் ஆப்பிரிக்கர் என்று எழுதப்பட்டிருக்கிறதே, 1961-இல் நீக்ரோ என்றல்லவா எழுதியிருப்பார்கள் என்றனர். படிவத்தில் இனத்தைக் கூறுவது பெற்றோரின் வாய்மொழி. கென்யாவிலிருந்து படிக்க வந்த ஒருவர் தம்மை ஆப்பிரிக்கர் என்று கூறாமல் வேறென்ன கூறுவார்? அக்காலத்தில் கென்யா என்ற பெயரே கிடையாது என்றனர் வேறு சிலர். 1920 முதலே அது பிரிட்டிஷாரின் கென்யாக் குடியேற்ற நாடு.

மற்றொன்று சற்று நுட்பமானது. வெள்ளை மாளிகை வெளியிட்ட கணிப்பொறிக் கோப்பைப் படம் தீட்டும் மென்பொருளில் திறந்தபோது, அது ஒரே படமாக இல்லாமல், பல அடுக்குகளாகப் பிரிந்தது. எழுத்துக்கள் ஓர் அடுக்கில், பச்சைப் பின்னணி மற்றோர் அடுக்கில், சில தேதிகள் வேறோர் அடுக்கில் நின்றன. வெட்டி ஒட்டிய போலி இது என்று பெருங்குரல் எழுந்தது. அரிசோனா மாநிலத்தின் ஒரு மாவட்டத் தலைமைக் காவல் அதிகாரி, 2012-இல் பத்திரிகையாளரைக் கூட்டி அவ்வாறே அறிவித்தார். உண்மை என்னவெனில், இக்காலத்துப் பிரதி இயந்திரங்கள் கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக, கரிய எழுத்தையும் வண்ணப் பின்னணியையும் தாமே பகுத்து வெவ்வேறு அடுக்குகளாகச் சேமிக்கின்றன. எதை எழுத்து, எதைப் பின்னணி என்று கொள்வதென்பதில் இயந்திரம் தடுமாறும்போது, ஒரே சொல்லின் ஓரெழுத்து கூர்மையாகவும் மற்றோரெழுத்து மங்கலாகவும் விழும். அலுவலகங்களில் வழங்கும் ஒரு வகைப் பிரதி இயந்திரத்தில் வேறு காகிதங்களை இட்டுப் பார்த்தவர்கள், இதே அடுக்குகளைப் பெற்றார்கள்.

இவையனைத்திலும் ஒரு மயக்கம் ஊடுருவி நிற்கிறது. ஆராய்ந்தவர்கள் ஆராய்ந்தது ஒரு நகலின் நகலினது படத்தை. பதிவேடோ ஹொனலூலுவில் இருந்தது. அதைக் காக்கும் பொறுப்புடைய இலாகா, ஆமாம், இது எம்முடையது, இதிலுள்ளவை எம் ஏட்டில் உள்ளவை என்று சொன்னவுடன், படத்தின் அடுக்குகளை எண்ணுவதில் பொருளில்லை. 2012 மே மாதத்தில் அரிசோனாவின் மாநிலச் செயலாளர் கென் பென்னட் செய்தது இதைத்தான். அவரும் குடியரசுக் கட்சியினரே. படத்தை உருப்பெருக்கிக் கொண்டு நோக்காமல், ஹவாய் அரசாங்கத்துக்கு எழுதிச் சட்டப்படி சரிபார்ப்புக் கேட்டார். பதில் வந்தது, அவர் ஏற்றுக்கொண்டார். அலுவலக நடைமுறை தெரிந்தவர்க்கு அதுவே வழி.

நம் நாட்டிலும் நிலைமை வேறன்று. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அவ்விடத்துப் பதிவாளரே அதைப் பதிவார். பெற்றோரின் சொந்த ஊர் தஞ்சையாயினும், குழந்தை நாகபுரியில் பிறந்தால் ஏடு நாகபுரியில்தான் இருக்கும். 21 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். பெயர் சூட்டாமலே பதிந்துவிட்டுப் பின்னர்ப் பெயரைச் சேர்க்கவும் இடமுண்டு. நமக்குத் தரப்படும் சான்றிதழ் அவ்வேட்டிலிருந்து எடுத்த ஒரு பகுதியே. காகிதம் கிழிந்தால் வேறு பெறலாம். பதிவு எண்ணும் தேதியும் தெரிந்திருந்தால் போதும். 2023-இல் நிறைவேறி அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அன்று முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார் முதலியவற்றுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் மெய்ப்பிப்பது இச்சான்றிதழே. நம் பெற்றோர் காலத்தில், ஜூன் மாதத்தில் ஒரு தேதியைத் தலைமையாசிரியர் தாமே குறித்துக் கொடுப்பது வழக்கமாயிருந்தது. அந்தக் காலம் போயிற்று.

நம் மகளின் பிறப்பைப் பதிவு செய்ய வடநாட்டு நகரமொன்றில் நாம் சென்றபோது, குடும்பப் பெயர் யாது என்று எழுத்தர் வினவினார். அப்படி ஒன்று எமக்கு இல்லை என்றோம். அவர் நம்பவில்லை. பெயருக்கு முன்னிருந்த இரண்டு தலைப்பெழுத்துக்களை விரித்துச் சொல்லுமாறு பணித்தார். சொன்னோம். வீட்டுக்கு வந்து சான்றிதழைப் பிரித்தால், எம் கிராமமே எம் மகளின் குடும்பப் பெயராகிவிட்டிருந்தது! மீண்டும் இருமுறை நடந்து அதைத் திருத்தினோம். அப்போதுதான் சட்டத்தின் 15-ஆவது பிரிவைப் படிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. பதிவாளர் ஏட்டிலுள்ள மூல எழுத்தை அழித்தல் ஆகாது. ஓரத்திலே திருத்தத்தை எழுதிக் கையொப்பமும் தேதியும் இடவேண்டும். ஆகவே எம் கிராமத்தின் பெயர் அந்நகரத்துப் பதிவேட்டில் என்றும் அழியாது நிற்கும்.

2016 செப்டம்பர் 16-ஆம் நாள், ஒபாமா அமெரிக்காவில்தான் பிறந்தவர் என்று டிரம்ப் ஒரு வரியில் கூறி முடித்தார். எனினும், வந்தேறியவரின் பிள்ளைகளை நோக்கி இக்கேள்வி எழுவது அத்தோடு முடியவில்லை. 2020 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் உப ஜனாதிபதி பதவிக்கு நிறுத்தப்பட்டபோது, பெற்றோர் குடிமக்களாக இல்லாத அவருக்குத் தகுதி உண்டா என்று ஒரு பிரபல வார இதழில் கட்டுரை வெளிவந்தது. அவ்விதழ் பிறகு அதற்காக வருத்தம் தெரிவித்தது. அவருடைய தாயார் சியாமளா, நம்மில் பலரைப் போலவே வெளிமாநிலத்தில் படித்த தமிழ்ப் பெண். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைச் சேர்ந்த மத்திய சர்க்கார் அதிகாரியின் மகளாகப் பிறந்து, தில்லியில் லேடி இர்வின் கல்லூரியில் பயின்று, 1958-இல் கலிபோர்னியா சென்றவர். மகள் 1964 அக்டோபர் 20-ஆம் நாள் ஓக்லந்து நகரில் பிறந்தார். இம்முறை எவரும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரவில்லை. ஆலமீடா மாவட்டத்துப் பிறப்புப் பதிவின் பிரதியை ஒரு நாளிதழ் உடனே அச்சிட்டது. அதில் குழந்தையின் நடுப்பெயர் முதலில் ஐயர் என்று இருந்ததும், இரண்டு வாரங்களுக்குப் பின் பெற்றோர் பிரமாண வாக்குமூலம் கொடுத்து அதைத் தேவி என்று திருத்திக்கொண்டதும், இரண்டுமே தெளிவாகக் காணப்பட்டன.